கடைவாய்ப் பல்

உருளைக்குச் சிவப்புச் சாயம் அடிப்பது என் வேலை.
நாளொன்றுக்கு இருநூற்றுப் பத்து.
சனிக்கிழமை மட்டும் குறையும்;
அன்று சாயத்தில் தண்ணீர் கலந்திருப்பார்கள்,
இரண்டு முறை அடிக்க வேண்டும்.

எனக்கு இடப்பக்கம் மாத்தேய்.
முள்கம்பி சுற்றிய உருளைகளை
உருட்டி உருட்டி ரயில்பெட்டி வரை கொண்டுபோவான்.
நூறு ராத்தல் ஒவ்வொன்றும்.
அவன் எடை அதில் பாதி.
அவன் கால்சட்டையை
முழங்காலுக்குக் கீழே சல்லடை என்றே சொல்லலாம்.

என் தம்பி ஒத்தோகர் நெப்ராஸ்காவில்.
நூற்று அறுபது ஏக்கர்,
ஐந்து வருடம் தாக்குப்பிடித்தால் சொந்தம்.
மரமே இல்லை என்று எழுதுவான்.
புல்லோடு மண்ணை வெட்டி அடுக்கிய வீடு;
மழை ஒரு நாள் பெய்தால்
கூரை மூன்று நாள் பெய்யுமாம்.
"உன் ஆலைக் கம்பி வந்து சேர்ந்தது.
இப்போது என் நிலத்துக்கு விளிம்பு இருக்கிறது."

மேற்கே போகும் பெட்டியில் கம்பி.
கிழக்கே திரும்பும் பெட்டியில் எலும்பு.
உழுவதற்கு முன் அவன் பொறுக்கிய முதல் அறுவடை அது:
காட்டெருமை எலும்பு, டன் எட்டு டாலர்.
அதைச் சுட்டுக் கரியாக்கி
அதில் வடிகட்டித்தான் சர்க்கரையை வெளுக்கிறார்கள் என்று
மேஸ்திரி ஒருநாள் சொன்னார்.
அன்றிலிருந்து காப்பிக்கு ஒரு கரண்டி குறைத்தேன்.
பிறகு மறந்து
பழையபடி போட்டேன்.

இன்னொரு கடிதம்:
"வேலியருகே ஒருவர் வந்து நின்றார்.
ஓமாஹா இனத்தவர், மனைவியும் கூட.
ஆற்றுக்குப் போகும் தடம் இங்கே ஒன்று இருந்திருக்கிறது,
நம் அப்பாவைவிட வயதான தடம்.
கேட்கவில்லை. திட்டவில்லை.
கம்பியை இரண்டு விரலால் சுண்டிப் பார்த்தார்.
பிறகு வேலியை ஒட்டியே நடந்தார்கள்,
மூலை வரை,
திரும்பி அடுத்த மூலை வரை.
அவ்வளவு நேரமும்
உழுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்."

பிப்ரவரியில் ஆய்வாளர் வந்தார். பெண்.
மிஸ் ஹாலோவெல் என்றார்கள்.
தொப்பியில் இறகில்லை, ஷூவில் எங்கள் தெருச் சேறு.
பதினான்கு வயதுக்குக் கீழே ஆலைக்குள் கூடாது,
சட்டம் புதிது, மை காயவில்லை.
நோட்டரியிடம் இருபத்தைந்து சென்ட் கொடுத்து
மாத்தேயின் அம்மா வாங்கிவந்த காகிதம்
பதினான்கு என்றது.
அந்த அம்மாள் காகிதத்தைப் படித்தார், மடித்தார்.
"வாயைத் திற."
பென்சில் முனையால் எண்ணினார்.
கடைவாயில் வந்திருக்க வேண்டியது வரவில்லை.

என் பக்கம் திரும்பினார்.
"நீ சொல். இவனுக்கு என்ன வயது?"
தூரிகையிலிருந்து சாயம் என் செருப்பில் சொட்டியது.
ஞானஸ்நானத்தன்று
இவனைக் கையில் ஏந்தி நின்றவள் நான்.
பதினொன்று, என்றேன்.

வாரம் மூன்று டாலர் போயிற்று அந்த வீட்டுக்கு.
அவன் அம்மா என்னைக் கண்டு முகம் திருப்பவில்லை.
திருப்பியிருக்கலாம்.
இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போனான்.
சிலேட்டும் கையுமாய் அவனைத் தெருமுனையில் பார்த்தபோது
நான் செய்தது சரி என்று
ஒரு முழு நாள் நம்பினேன்.

ஏப்ரலில் அவளே கதவைத் தட்டினாள்.
"உன் தம்பிக்கு ஆள் வேண்டுமா?"

சட்டம் ஆலைக் கதவு வரை வரும்.
வயலுக்குக் கதவில்லை.

ஆகஸ்டில் கடிதம்,
இரண்டு மாதப் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில்:

"ஞானத்தாய்க்கு,
கம்பி கட்டுகிறேன். விடியலிலிருந்து.
நேற்றுப் பிரித்த உருளையில் உன் பெருவிரல் இருந்தது,
சிவப்பில், ரேகையோடு.
காய்வதற்குள் தொட்டிருக்கிறாய்.
இங்கே யாரும் பல் எண்ணுவதில்லை.
கடைவாயில் ஒன்று முளைக்கிறது.
வலிக்கிறது."